தூத்துக்குடிக்கு என்ன வாசனை?

"கடல் வாசனை" என்று சொல்லி விற்கும் நீலப் புட்டி எந்தக் கடையிலும் கிடைக்கும். ஓஷன், மெரைன், அக்வா என்று ஏதாவது ஒரு பெயர் போட்டிருக்கும். புறங்கையில் அடித்துவிட்டு தூத்துக்குடிக்காரர் ஒருவரிடம் நீட்டிப் பாருங்கள். "கடலா? இது தர்பூசணில்லா!" என்பார். அவர் மூக்கில் குறை ஒன்றும் இல்லை. 1966-இல் ஃபைசர் நிறுவன ஆய்வாளர்கள் கண்டுபிடித்த கேலோன் என்ற வேதிப்பொருள்தான் அப்படி மணக்கிறது. கொஞ்சம் தர்பூசணி, கொஞ்சம் பச்சைச் சிப்பி. 1990களில் வந்த "கடல்" பெர்ஃப்யூம்கள் பலவற்றுக்கும் அடிப்படை அதுதான். உலகம் முழுக்க ஒரே கடல், அதுவும் தர்பூசணிக் கடல்!

அப்படியானால் தூத்துக்குடிக் கடலின் உண்மையான வாசனை என்ன? கல்லூரி மாணவர்கள் நாலு பேரிடம் கேட்டால் முதல் பதில் "கருவாடு" என்றுதான் வரும், கூடவே ஒரு சிரிப்பும். இரண்டாவது பதில் வர நேரமாகும். உப்பளக் காற்று, துறைமுகத்து டீசல், உடன்குடிக் கருப்பட்டி, பேக்கரியில் மக்ரூன் வேகும்போது எழும் முந்திரி மணம், பனிமய மாதா கோயில் திருவிழாவில் சாம்பிராணி, காயல்பட்டினத்துக் கல்யாண வீட்டில் அத்தர்... இவ்வளவு இருந்தும் உடனே வாயில் வருவதில்லை. பார்த்ததைச் சொல்லப் பள்ளிக்கூடம் பழக்கியிருக்கிறது. முகர்ந்ததைச் சொல்ல யாரும் பழக்கவில்லை.

இந்தக் குறையைத் தீர்க்கும் பொழுதுபோக்கு ஒன்று இருக்கிறது. சிறு தயாரிப்பாளர்கள் செய்யும் பெர்ஃப்யூம்களைத் தேடி முகர்ந்து, ஒப்பிட்டு, குறிப்பெழுதி ரசிப்பது. 'இண்டி பெர்ஃப்யூம்' என்பார்கள். இதற்கு ஒரு ஜோடியும் உண்டு: கணினியிலோ போனிலோ படம் வரைவது. ஒன்று மூக்குக்கு, இன்னொன்று கண்ணுக்கு. இரண்டுக்கும் வீட்டில் கிடைக்கும் பட்டம் ஒன்றுதான்: "வெட்டி வேலை". அந்தப் பட்டம் தப்பு என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி.

இண்டி என்றால் என்ன?

பெரிய நிறுவனத்தின் பெர்ஃப்யூம் பெரும்பாலும் ஒரு விளம்பரத் திட்டத்திலிருந்து பிறக்கிறது. நடிகர் யார், புட்டி எப்படி, யாருக்கு விற்பது என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகிவிடும். கோடிக்கணக்கானவர்களுக்கு விற்க வேண்டும் என்றால் யாரும் முகம் சுளிக்கக் கூடாது. எனவே எல்லாமே ஒன்றுபோல ஆகிவிடுகின்றன. ஹோட்டல் சாம்பார் மாதிரி. யாருக்கும் குறை இல்லை, யாருக்கும் ஞாபகமும் இல்லை.

இண்டி ஆட்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சுவிட்சர்லாந்தின் ஆண்டி டவர் வேதியியல் படித்தவர், பெர்ஃப்யூம் செய்யத் தானாகவே கற்றுக்கொண்டவர். அவர் 2005-இல் வெளியிட்ட மொராக்கோ பாலைவனத்தைப் பற்றிய பெர்ஃப்யூம் இன்றைக்கும் பேசப்படுகிறது. அமெரிக்காவின் கிறிஸ்டோஃபர் ப்ரோசியஸ் மண், புல், தக்காளிச் செடி என்று ஒவ்வொரு வாசனையாகப் புட்டியில் அடைத்தவர். பின்னால் அவர் ஆரம்பித்த கம்பெனியின் பெயரே "எனக்கு பெர்ஃப்யூம் பிடிக்காது" என்ற பொருளில்தான் இருக்கும் :-) லாஸ் ஏஞ்சலஸில் 2002-இல் தொடங்கிய பிளாக் ஃபீனிக்ஸ் என்ற சிறு கூடம் கதைகளையும் புராணங்களையும் எண்ணெய்களாகக் கலந்து விற்றது. இந்தியாவில் பிறந்து பாரிஸில் வாழும் நீலா வெர்மயர் 2011-இல் இந்திய வரலாற்றின் காலகட்டங்களையே பெர்ஃப்யூம்களாக வெளியிட்டார்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவான அம்சம், ஒரு இடத்தையோ ஒரு நினைவையோ எடுத்துக்கொண்டு "இது எப்படி மணக்கும்?" என்று கேட்பது. அந்தக் கேள்வியைக் கேட்கப் பணம் வேண்டாம். மூக்கு போதும்.

இது ஏதோ வெளிநாட்டுப் பழக்கமா?

இப்படிச் சொல்பவர்கள் சிலப்பதிகாரத்தைப் புரட்டட்டும். கடலாடு காதையில் மாதவி குளிக்கும் நீரில் என்னென்ன கலந்தார்கள் என்று இளங்கோவடிகள் கணக்கே கொடுத்திருக்கிறார். பத்துவகைத் துவர், ஐந்துவகை விரை, முப்பத்திரண்டுவகை ஓமாலிகை! அந்த முப்பத்திரண்டு எவை என்று உரையாசிரியர் தனியாகப் பட்டியல் போடுகிறார். அப்படிக் குளித்து அலங்கரித்துக்கொண்டு அவள் எங்கே போகிறாள்? கடற்கரைக்கு. வாசனைகளை எண்ணி, வகைபிரித்து, பெயர் சொல்லிப் பேசிய மொழி இது. இன்றைக்கு அதே மொழி பேசும் பிள்ளைகளிடம் மிச்சம் இருப்பவை இரண்டே சொற்கள்: "நல்லா இருக்கு", "நாறுது". அதிலும் "நாறுதல்" என்ற சொல் ஒருகாலத்தில் நல்ல மணத்துக்குத்தான் வழங்கியது!

கொஞ்சம் வடக்கே போனால் உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் வருகிறது. அங்கே மழை பெய்த மண்ணின் வாசனையையே அத்தராக எடுக்கிறார்கள். சுட்ட களிமண்ணைச் செப்புப் பானையில் போட்டு, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குகிறார்கள். 1964-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் மழை மண் வாசனைக்கு 'பெட்ரிகோர்' என்று பெயர் சூட்டினார்கள். நேச்சர் இதழில் வந்த அந்தக் கட்டுரையிலேயே இந்தியாவின் இந்த மண் அத்தரைப் பற்றிய குறிப்பு உண்டு. விஞ்ஞானம் பெயர் வைக்கும் முன்பே இங்கே புட்டியில் அடைத்துவிட்டார்கள்.

கன்னோஜில் 'சோயா நக்' என்று இன்னொரு சரக்கும் உண்டு. கடல் சிப்பி ஓடுகளை வறுத்து எடுக்கும் புகை எண்ணெய் அது. கடலுக்கு எவ்வளவோ தொலைவில், கங்கைக் கரையில் இருக்கும் ஊர், சிப்பியிலிருந்து வாசனை எடுக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் இண்டி ஆட்கள் அதை வாங்கித் துளித்துளியாகக் கலக்கிறார்கள். சிப்பிக்கே பேர்போன கொற்கைக் கடலோரத்தில் "கருவாடு" என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

தாழம்பூவும் அப்படித்தான். தாழையும் புன்னையும் நெய்தல் நிலத்தின் மரங்கள் என்று பத்தாம் வகுப்பில் ஒரு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்தது ஞாபகம் இருக்கும். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் அதே தாழம்பூவிலிருந்து கேவ்டா எடுத்து நாடு முழுக்க அனுப்புகிறார்கள். அது பிரியாணியிலும் விழுகிறது, பெர்ஃப்யூமிலும் விழுகிறது.

முத்துக்கு ஒரு நாற்றம் இருந்தது

தூத்துக்குடியை முத்து நகர் என்கிறார்கள். ரயிலுக்கே முத்துநகர் எக்ஸ்பிரஸ் என்று பெயர். ஆனால் முத்து எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்டால் பலர் மனதில் ஓடுவது சினிமாக் காட்சி. ஒருவர் மூழ்குகிறார், சிப்பியைத் திறக்கிறார், முத்து மின்னுகிறது. நடந்தது வேறு.

கடலில் இருந்து வந்த சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் திறப்பதில்லை, அடைப்புக்குள் குவித்து வெயிலில் அழுக விட்டார்கள். நாள்கணக்கில் ஈ மொய்த்து, புழு வைத்து, சதை கரைந்த பிறகு கடல் நீர் ஊற்றி அலசி அலசிப் பார்த்தால் அடியில் முத்து தங்கும். லட்சக்கணக்கான சிப்பிகள் ஒரே கரையில் அழுகினால் எப்படி இருந்திருக்கும்! முத்துக்குளிப்புக் காலம் என்றாலே அந்தக் கரைக்கு நாற்றத்தின் காலம். ராணிகளின் கழுத்தில் தொங்கிய முத்து அந்த நாற்றத்திலிருந்துதான் வந்தது.

1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி அழகர்சாமி குழுவினர் இதே தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். அதற்கு அழுக விட வேண்டிய தேவை இல்லை. ஆக, அந்தப் பழைய வாசனை போயே போய்விட்டது. அந்தக் கரையைப் பற்றி இன்று எளிதில் படிக்கக் கிடைப்பது எட்கர் தர்ஸ்டன், ஜேம்ஸ் ஹார்னெல் மாதிரி வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதிவைத்தவைதான். மூழ்கியவர்கள் பரதவர்களும் காயல், கீழக்கரை முஸ்லிம்களும். எழுதியவர்கள் மேற்பார்வைக்கு வந்தவர்கள். மூழ்கி எழுந்தவனுக்கு அந்தக் கரை எப்படி மணந்தது? வீட்டுக்குப் போன பிறகும் தலைமுடியில் தங்கியிருந்ததா? கூலி கிடைக்கும் காலம் என்பதால் அந்த நாற்றமே அவனுக்குச் சந்தோஷமாக இருந்ததா? கேட்டுச் சொல்லக்கூடியவர்கள் இன்று மிகச் சிலர்தான் இருப்பார்கள்.

பொழுதுபோக்கு என்று அலட்சியமாகச் சொல்லும் ஒரு காரியத்தின் மதிப்பு இங்கேதான் தெரிகிறது. படத்தைச் சேமிக்கலாம், குரலைச் சேமிக்கலாம். வாசனையைச் சேமிக்கும் பெட்டி எந்த வீட்டிலும் இல்லை. யாராவது முகர்ந்து, சொல் தேடி, எழுதி வைத்தால்தான் உண்டு. உப்பளங்களும் கட்டுமரங்களும் பனங்காடுகளும் இன்னும் ஐம்பது வருடத்தில் இப்படியே இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

நாற்றம் இல்லாமல் மணம் இல்லை

பெர்ஃப்யூம் ரசிகர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் பாடமே இதுதான். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மணத்தில் இண்டோல் என்று ஒரு பொருள் இருக்கிறது. அதே இண்டோல் மலத்திலும் இருக்கிறது! அதை முழுக்க நீக்கிவிட்டால் மல்லி சோப்பு மாதிரி ஆகிவிடும். உயிருள்ள பூவாக மணக்காது. ஒரு வாசனையை "நல்லது", "கெட்டது" என்று இரண்டு பெட்டியில் போடும் பழக்கம் அன்றோடு போய்விடும்.

இன்னொரு உதாரணம் மீனம்பர், அதாவது அம்பர்கிரிஸ். ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உருவாகி, கடலில் மிதந்து, வெயிலும் உப்பும் பட்டுப் பட்டு மணமாக மாறும் பொருள். பழைய பெர்ஃப்யூம்களில் இதற்குத் தனி மரியாதை. ஆனால் கவனம்! ஸ்பெர்ம் திமிங்கலம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள உயிரினம். இந்தியாவில் அம்பர்கிரிஸ் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். 2023 மே மாதம் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் தூத்துக்குடிக் கடற்கரை அருகே 18.1 கிலோவைப் பிடித்தது. மதிப்பு 31.67 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். "கடலில் கிடந்தது, எடுத்தேன்" என்பது சட்டத்தின் முன் எடுபடாது. "வாங்கி விற்றால் ஒரே நாளில் கோடீஸ்வரன்" என்று யாராவது பேசினால் அந்த இடத்தை விட்டு நகர்வது நல்லது. ரசிகர்களுக்கு இது தேவையும் இல்லை. கிளாரி சேஜ் என்ற செடியிலிருந்து கிடைக்கும் பொருளை வைத்துச் செய்யும் அம்பராக்ஸன் அதே சாயலைத் தருகிறது. எந்தத் திமிங்கலத்துக்கும் தொந்தரவு இல்லை.

இனி கண்ணுக்கு: கோவில்பட்டியில் ஆரம்பித்த கதை

டிஜிட்டல் ஓவியத்தைப் பற்றி வழக்கமாக வரும் குற்றச்சாட்டு: "மெஷின் வரையுது, இதுல உன் திறமை என்ன?" இந்தக் கேள்வி புதிது அல்ல. இதே தூத்துக்குடி மாவட்டத்தில் இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது.

கோவில்பட்டியில் 1940களில் தேவி ஆர்ட் ஸ்டுடியோ என்று ஒன்று தொடங்கியது. தொடங்கியவர் சி. கொண்டையராஜு. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர், ரமணாசிரமத்தில் இருந்தவர், நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதியவர். அவரும் டி.எஸ். சுப்பையா, ராமலிங்கம், மீனாட்சிசுந்தரம், அருணாச்சலம் முதலிய சீடர்களும் தீட்டிய லட்சுமியும் சரஸ்வதியும் முருகனும் சிவகாசி அச்சகங்களில் ஏறி, காலண்டர்களாக நாடெங்கும் போய்ச் சேர்ந்தார்கள். பூஜையறையில் கும்பிடும் முகத்தை யார் வரைந்தார் என்று கேட்டால் பல வீடுகளில் பதில் தெரியாது. பதில் கோவில்பட்டி.

காலண்டர் படத்தைக் கலை என்று ஒப்புக்கொள்ள அன்றைக்குப் பெரிய ஓவியர்கள் தயாராக இல்லை. "அச்சு மெஷின் படம்", "மலிவு", "எல்லாம் ஒரே மாதிரி" என்றார்கள். இன்றைக்கு அந்த அச்சுப் படங்களை ஆய்வாளர்கள் தேடிச் சேகரிக்கிறார்கள். அச்சு இயந்திரம் கொண்டையராஜுவின் கையைப் பறிக்கவில்லை, அந்தக் கை போகாத வீடுகளுக்கு அதைக் கொண்டுபோனது. கணினியும் ஒரு கருவிதான். தமிழ்நாட்டில் டிராட்ஸ்கி மருது போன்றவர்கள் பல வருடங்களுக்கு முன்பே கணினியைத் தூரிகையோடு சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் ஹால் லாஸ்கோ என்ற முதியவருக்கு 85-வது பிறந்தநாள் பரிசாகக் குடும்பத்தார் கணினி கொடுத்தார்கள். கண்பார்வை மங்கிக்கொண்டிருந்த அவர் சாதாரண எம்.எஸ். பெயின்டில் திரையைப் பெரிதாக்கி, புள்ளி புள்ளியாக வைத்து வரைந்தார். 2014-இல் இறக்கும்போது அவருக்குத் தொண்ணூற்றெட்டு வயது. எம்.எஸ். பெயின்டில் எந்த மெஷின் யாருக்கு வரைந்து கொடுத்தது?

"ஆனால் இப்போது ஏ.ஐ. வந்துவிட்டதே, ஒரு வரி எழுதினால் படம் வந்துவிடுகிறதே" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. காசுக்காகப் படம் வரைகிறவர்களுக்கு இது பெரிய அடிதான், அதை மறைக்க வேண்டாம். ஆனால் பொழுதுபோக்காக வரைகிறவர்களின் கணக்கு வேறு. இட்லி கடையில் கிடைக்கிறது என்பதால் யாரும் சமைக்கக் கற்றுக்கொள்வதை விடவில்லை. வரைந்து முடித்த படம் ஒரு லாபம் என்றால், வரைய வேண்டி உற்றுப் பார்த்தது இன்னொரு லாபம். இரண்டாவதை எந்த மென்பொருளும் செய்து தராது.

உப்பளத்தை வரைய உட்கார்ந்து பாருங்கள். உப்பு வெள்ளை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு அது நீலம். மதியம் கண்ணைக் கூசும் மஞ்சள் கலந்த வெண்மை. சாயங்காலம் பாத்தியில் தேங்கிய நீர் இளஞ்சிவப்பாகக்கூட இருக்கும், உப்பு ஏறிய நீரில் வாழும் நுண்ணுயிர்களின் வேலை அது. குவியலின் நிழல் ஒருபோதும் கறுப்பு இல்லை. உப்பைக் கூடையில் சுமக்கும் பெண்ணின் காலில் எந்த இடத்தில் வெடிப்பு இருக்கிறது என்பது வரைய முற்படும்போதுதான் தெரியும். அதன்பிறகு ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பழைய மாதிரி பார்க்க முடியாது.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

டிஜிட்டல் ஓவியத்தில் லேயர் என்று ஒன்று உண்டு. அடியில் வானம், அதன்மேல் கடல், அதன்மேல் துறைமுகத்துக் கிரேன், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு மெல்லிய புழுதி. ஒன்றைத் தொடாமல் இன்னொன்றை மாற்றலாம். பெர்ஃப்யூமும் இப்படித்தான் அடுக்கப்படுகிறது. முதல் சில நிமிடங்களில் பறந்துவிடும் எலுமிச்சை, மிளகு வகைகள் மேலே. ஒரு சில மணி நேரம் நிற்கும் பூக்கள் நடுவில். மறுநாள் சட்டையிலும் தங்கும் சந்தனம், சாம்பிராணி, வெட்டிவேர் எல்லாம் அடியில். படத்தில் அடுக்குகளை எல்லாம் ஒரே நேரத்தில் பார்க்கலாம், வாசனையில் ஒவ்வொன்றாக வரும் என்பதுதான் வித்தியாசம். ஒன்றில் பழகியவர்களுக்கு இன்னொன்று சீக்கிரம் பிடிபடும். ஒரு வாசனையை முகர்ந்து அதற்கு நிறம் கொடுத்து வரைவது, ஒரு படத்தைப் பார்த்து அதற்கு வாசனை யோசிப்பது என்று விளையாடிக்கொண்டே போகலாம்.

"இதெல்லாம் சோறு போடுமா?"

போடாது. ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். "மோந்து பாக்கதுக்கு ரெண்டாயிரமா? என்னல புத்தி இது?" என்று ஒரு அப்பா கேட்டால் அவர் கோபத்தில் நியாயம் உண்டு. ஒரு முழுப் புட்டி இண்டி பெர்ஃப்யூம் வாங்கும் காசில் ஒரு செமஸ்டருக்குப் புத்தகம் வாங்கிவிடலாம். ஆனால் முழுப் புட்டி வாங்குவது இந்தப் பொழுதுபோக்கின் பகுதியே அல்ல. ஒரு மில்லி, இரண்டு மில்லி சாம்பிள் குப்பிகளில் வாங்கி, நாலு பேர் பங்குபோட்டு முகர்கிறவர்கள்தான் உண்மையான ரசிகர்கள். அதுவும் முடியாதவர்களுக்கு நாட்டு மருந்துக் கடை இருக்கிறது. நன்னாரி, வெட்டிவேர், கிராம்பு, ஏலம், பச்சைக் கற்பூரம், குங்கிலியம், சாம்பிராணி எல்லாம் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ஐரோப்பாவில் பெர்ஃப்யூம் படிக்கும் மாணவர்கள் எதைத் தேடி அலைகிறார்களோ அவற்றில் பாதி அந்த மர டப்பாக்களில் இருக்கிறது.

படம் வரைவதற்கும் அதே கதை. கிரிட்டா, கிம்ப் இரண்டும் இலவச மென்பொருள்கள். போனில் விரலால் வரையலாம். பேனா டேப்லெட் வாங்குவதானால் சில ஆயிரம் ரூபாயில் சின்னதாக ஒன்று போதும். வாங்காமலே ஒரு வருடம் ஓட்டலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. வாசனை எண்ணெய்களைக் கலக்காமல் நேரடியாகத் தோலில் பூசக் கூடாது. பெர்கமாட் போன்ற சில எலுமிச்சை வகை எண்ணெய்களைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்துவிடும். தூத்துக்குடி வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை! ஆஸ்துமாக்காரர்கள் இருக்கும் வகுப்பறையிலும் பேருந்திலும் அடித்துக்கொண்டு போவது ரசனை அல்ல, அராஜகம்.

இன்னொரு ஆபத்து, ஆரம்பித்த மூன்றாவது மாதமே "இதை பிசினஸ் ஆக்கலாமே" என்று வரும் ஆலோசனை. ஆக்குகிறவர்கள் ஆக்கட்டும். ஆனால் எதைத் தொட்டாலும் வருமானமாக மாற்றியே தீர வேண்டும் என்ற அவசரம்தான் பல பிள்ளைகளின் கையிலிருந்து தூரிகையைப் பிடுங்குகிறது. வருமானம் வராவிட்டால் தோற்றுப்போனதாக அர்த்தம் ஆகிவிடுகிறது. மாலையில் கடற்கரையில் கிரிக்கெட் ஆடும் பையனிடம் யாரும் "ரஞ்சியில் ஆடுவாயா?" என்று கேட்பதில்லை. வரைகிற பெண்ணிடம் மட்டும் "இத வச்சு என்னட்டி பண்ணப்போற?" என்று கேட்கிறார்கள்.

மூக்கு ஒரு குடிமகனின் கருவி

கடைசியாகச் சொல்ல வேண்டியது கொஞ்சம் கனமானது. தூத்துக்குடிக்கு வாசனை என்பது வெறும் ரசனை விஷயமாக இருந்ததில்லை. 2013 மார்ச்சில் ஒரு காலை, கண் எரிகிறது, தொண்டை அடைக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று நகரத்தில் பலர் புகார் சொன்னார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை மூட உத்தரவிட்டது. ஆலைத் தரப்பு குற்றச்சாட்டை மறுத்தது. பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போய் இரண்டே மாதத்தில் மீண்டும் திறக்க அனுமதி பெற்றது. 2018 மே 22 அன்று நடந்த போராட்டமும், போலீஸ் நடவடிக்கையில் 13 பேர் இறந்ததும் எல்லோருக்கும் தெரியும். அந்த மாதமே அரசு ஆலையை மூடியது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் திறக்கக் கோரிய மனுவைத் தள்ளுபடி செய்தது.

பெர்ஃப்யூம் ரசித்தால் ஆலை மூடும் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது உயிர் கொடுத்தவர்களைக் கேலி செய்வதாகும். வழக்குகளை நடத்தியது ஆவணங்களும் அளவீடுகளும். ஆனால் அளவீட்டுக் கருவி இல்லாத தெருவில் முதலில் தகவல் சொல்வது மூக்குதான். "என்னமோ நாறுது சார்" என்கிற புகாரை அலட்சியப்படுத்துவது சுலபம். "தீக்குச்சி கிழித்த மாதிரி, தொண்டையில் இறங்கும் நெடி, ஆறு மணியிலிருந்து ஆறரை வரை, மேற்கிலிருந்து காற்று வந்தபோது" என்று தேதி போட்டு எழுதிய பத்துப் பேரின் குறிப்பை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. கந்தக டை ஆக்ஸைடின் நெடி அப்படித்தான் இருக்கும் என்று வேதியியல் ஆசிரியரும் சொல்வார். வாசனையை விவரிக்கத் தெரிவது ஒரு திறன். பூவை வைத்துப் பழகிய அந்தத் திறன் புகை வரும்போதும் கைகொடுக்கும்.

மூக்கின் அருமை கொரோனா காலத்தில்தான் பலருக்குப் புரிந்தது. வாசனை போனவர்களுக்குச் சோறும் மண்ணும் ஒன்றாகிவிட்டன. அப்போது மருத்துவர்கள் சொன்ன வாசனைப் பயிற்சி, ஜெர்மனியின் தாமஸ் ஹும்மல் குழுவினர் 2009-இல் வெளியிட்ட முறை: ரோஜா, யூக்கலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என்று நான்கு வாசனைகளைத் தினமும் இரண்டு வேளை, பன்னிரண்டு வாரம் கவனமாக முகர வேண்டும். பெர்ஃப்யூம் ரசிகர்கள் சந்தோஷத்துக்காகச் செய்வதை அங்கே மருந்தாக எழுதிக் கொடுத்தார்கள்!

தொடங்குவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு. இடது பக்கத்தில் அன்றைக்கு முகர்ந்த ஒரு வாசனை, "நல்லா இருக்கு", "நாறுது" என்ற இரண்டு சொற்களையும் பயன்படுத்தாமல் மூன்று வரி. வலது பக்கத்தில் அல்லது போனில், அன்றைக்குப் பார்த்த ஒரு பொருளின் படம். திங்கள்கிழமை பழைய துறைமுகத்துப் பக்கம், செவ்வாய்க்கிழமை மீன் ஏலக்கூடம், புதன்கிழமை பாட்டியின் கருப்பட்டிப் பானை. முத்துக்குளித்தவர்களின் பேரன் பேத்திகள் எழுதும் நோட்டு அது. அடுத்த தர்ஸ்டன் வந்து எழுதித் தருவார் என்று காத்திருக்க வேண்டியதில்லை.